எலும்பு உட்காரும் இடம்

டாக்டர் என்னிடம் பேசவில்லை. படம் எடுத்துப் பார்த்தது என் வால் எலும்பை. பேசியது என் வீட்டுக்காரரிடம்.

"வண்டி ஓட்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க. அவ்வளவு தூரமெல்லாம் பொம்பளை ஒடம்பு தாங்காது."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவருக்குத் தலை தானாக ஆடும். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அது காலியாகக் கிடந்தது. உட்கார முடியாமல்தானே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன்.

"எவ்வளவு தூரம்னு நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்," என்றேன்.

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "எவ்வளவு?"

"சிவகாசியில இருந்து நாகர்கோவில் வரைக்கும். போக ஒரு நாள், கடை கடையா ஏறி எறங்க ரெண்டு நாள், திரும்பி வர ஒரு நாள்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு மறுபடியும் என் வீட்டுக்காரரிடமே திரும்பி, "பஸ்ல போகச் சொல்லுங்க," என்றார்.

மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தோம். வாசலில் என் பைக் நின்றது. சாவி என் கையில் இருந்தது. வீட்டுக்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "பின்னால உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார். விஸ்வநத்தத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வேகத்தடை வந்த ஒவ்வொரு இடத்திலும் நான் பல்லைக் கடித்தேன். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவள். வருஷப் பிறப்புக்கு நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் கொடுக்கிறார்களே, கீழே கடைப் பெயர் அச்சடித்த காலண்டர், அதற்கான ஆர்டரைக் கடை கடையாகப் போய் வாங்கி வருவது என் பொறுப்பு. ஆடிப் பதினெட்டு அன்று புது ஆல்பம் வரும். அந்த வருஷத்துச் சாமி படம், இயற்கைக் காட்சி, குழந்தை படம் எல்லாம் அதில் மாதிரிக்கு இருக்கும். அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தீபாவளி நெருங்கும்வரை ஓட்டம்தான்.

ஆரம்பத்தில் நான் அதே கம்பெனியில் தகரம் அடிக்கிற பிரிவில் இருந்தேன். காலண்டரின் மேலேயும் கீழேயும் ஒரு தகரப் பட்டை இருக்கும், அதைப் பொருத்துகிற வேலை. தெற்கே போகிற ஆள் ஒரு சீசனில் பாதியில் நின்றுவிட்டார். ஆல்பத்தில் எந்த எண்ணுக்கு எந்தப் படம் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதால் முதலாளி என்னை அனுப்பினார். முதல் வருஷம் பஸ்ஸில்தான் போனேன். சாத்தூரில் மாறி, கோவில்பட்டியில் மாறி, திருநெல்வேலியில் மாறி, மடியில் ஆல்பப் பையோடு போய்ச் சேரும்போது கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். அவர் வருவதற்குள் எனக்குத் திரும்பும் பஸ் போய்விடும். அந்த வருஷம் பாதிக் கடையைத்தான் பார்க்க முடிந்தது.

அதனால் பைக் வாங்கினேன். ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். சின்னச் சக்கரத்தை வைத்துக்கொண்டு கயத்தாறு காற்றில் என்ன செய்வது? பைக் ஓட்ட எனக்கு முன்பே தெரியும். ஆனைக்குட்டம் பக்கம் எங்கள் அப்பா வீட்டுக்கு நிலம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், அண்ணன் பைக்கில் உர மூட்டையை வைத்துக்கொண்டு கரிசல் காட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அப்போது அண்ணன் பெருமையாகப் பேசுவான். நான் சொந்தமாகப் பைக் வாங்கி நாலுவழிச் சாலையில் ஏறியதும் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டான். காட்டுப் பாதையில் ஓட்டியபோது ஒத்தாசையாக இருந்தது, தார் ரோட்டில் ஓட்டியதும் திமிராகிவிட்டது.

இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் வலி தொடங்கியது. கோவில்பட்டி வரும்போது உட்காரும் இடத்தில் ஒரு சூடு. கயத்தாறில் அது எரிச்சலாகும். திருநெல்வேலி தாண்டிவிட்டால் இடது கால் என்னுடையதாகவே இருக்காது. முன்னும் பின்னும் வண்டி வராத இடமாகப் பார்த்து, மிதியில் காலை ஊன்றி எழுந்து நின்று ஓட்டுவேன். டீக்கடையில் நின்றபடி டீ குடிப்பேன். கடைகளுக்குப் போனால், "உக்காருங்கம்மா," என்று ஸ்டூலை நகர்த்துவார்கள். "இருக்கட்டும் அண்ணாச்சி," என்று நின்றுகொண்டே ஆல்பத்தை விரிப்பேன். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பக்கத்துக் கடையில் சொல்லியிருக்கிறார், "சிவகாசியில இருந்து வருவாங்களே அந்தம்மா, பெரியவங்க முன்னால உக்காரவே மாட்டாங்க," என்று. நான் அதைத் திருத்தவில்லை. வியாபாரத்துக்கு நல்லதுதானே.

என்னென்னவோ செய்து பார்த்தேன். தலையணை வைத்தேன், வழுக்கியது. போர்வையை நாலாக மடித்துக் கட்டினேன், வேர்த்து ஊறிப் புண்ணானது. மருந்துக்கடையில் மூல நோய்க்காரர்களுக்கு விற்கிற காற்று வளையம் ஒன்று வாங்கினேன். நாங்குநேரி பக்கத்தில் நான் எழுந்து நின்று ஓட்டிய ஒரு நிமிஷத்தில் அது பறந்துபோய் ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி, பட்டாசு மாதிரி வெடித்தது. லாரிக்காரர் டயர் போய்விட்டது என்று நினைத்து ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தது கண்ணாடியில் தெரிந்தது. நான் நிறுத்தாமல் போய்விட்டேன்.

யாரிடம் கேட்பது? தூரம் போகிற ஆண்கள், "பழகிரும்," என்றார்கள். பெண்களிடம் கேட்டால், "உங்களுக்கு எதுக்கு இந்தச் சீரழிவு?" என்றார்கள். எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. சொன்ன பிறகுதான் டாக்டர்.

டாக்டர் சொன்னது முதலாளி காதுக்கு மூன்றே நாளில் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். காலையில் ஊர் ஊராகப் போய் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார், சாயங்காலம் அலுமினியப் பவுடர் அப்பிய வெள்ளிக் கைகளோடு அவர்கள் திரும்ப ஏறுவார்கள். அந்த வேனில் ஒரு விஷயம் ஏறினால் அது எல்லா ஊரிலும் இறங்கும்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. எதைச் செய்தாலும் நம் நல்லதுக்கு என்று சொல்லித்தான் செய்வார்.

"ஏம்மா, இனிமே நீ அலைய வேண்டாம். ஆபீஸ்ல ஒக்காந்து போன்ல ஆர்டர் பாரு. சக்கரம் வச்ச நாற்காலி ஒன்னு சொல்லியிருக்கேன்."

"ஒக்கார முடியலங்கிறதுதானே அண்ணாச்சி எனக்குப் பிரச்சினையே."

அவர் சிரிக்கவில்லை. "தெக்க நம்ம தங்கச்சி மகன் பாத்துக்கிடுவான். நீ கடை விவரத்த மட்டும் எழுதிக் குடுத்துரு."

கடை விவரம். எந்தக் கடைக்காரர் பதினோரு மணிக்கு முன்னால் பேசமாட்டார், எந்தக் கடையில் அப்பாவைக் கேட்காமல் மகன் ஆர்டர் கொடுக்கமாட்டான், எந்த நகைக்கடைக்குப் பச்சை நிறம் ஆகாது. அத்தனையும் வெயிலில் நின்று நான் தெரிந்துகொண்டவை. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் சக்கர நாற்காலியில் உருள வேண்டும்.

"ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாப்பது நாள் கெடக்கு அண்ணாச்சி," என்றேன். "மொத ரவுண்டு நான் போறேன். ஆர்டர் புக் பாதிக்கு மேல வெறுமனே வந்தா, நீங்க சொல்ற நாற்காலியில நானா வந்து ஒக்காந்துக்கிடுதேன். அதுக்கு முந்தி எழுதித் தரமாட்டேன்."

தரமாட்டேன் என்ற வார்த்தையை அந்த அறையில் அதற்கு முன் நான் சொன்னதில்லை. அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "பாப்போம்," என்றார்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் குடோனில் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் குடோனில் காலண்டர் அடுக்கி அனுப்புகிற அட்டைப்பெட்டிகள் மலையாகக் கிடக்கும். உள்ளே நெளி நெளியாக இருக்கிற அட்டை. ஒரு பெட்டியைப் பிரித்துச் சிமெண்டுத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்து அட்டையை எடுத்தபோது அதில் இரண்டு குழி விழுந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினாற்போல இரண்டே இரண்டு குழி. விரலை வைத்துப் பார்த்தேன். நெளி நசுங்கியிருந்தது.

உடம்பு முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான் உட்கார்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக, மொத்தமாகக் கீழே பஞ்சு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தகரம் அடிக்கிற பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு அட்டையில் உட்காரச் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள் ஒருத்தி. ஆனாலும் உட்கார்ந்தாள். எழுந்து பார்த்து, "ஏ, எனக்கு உங்களவிட அகலம்," என்று சிரித்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு பேருக்கு ஆறு அளவு. மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்கத் தைரியமில்லாமல் போய்விட்டார்.

என் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பைக் சீட்டின்மேல் வைத்தேன். நான் எப்போதும் உட்காரும் இடத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு குழியும் சீட்டின் இரண்டு ஓரத்திலும், தையல் போகிற விளிம்பில் வந்து நின்றன. நான் குள்ளம். ஹேண்டில்பார் எட்டாமல் எப்போதும் முன்னால் நகர்ந்து, டேங்கை ஒட்டி உட்காருவேன். அங்கே சீட் குறுகல். எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்க அங்கே இடமே இல்லை. அதனால் எல்லாம் வால் எலும்பில் போய் இறங்கியிருக்கிறது. பொம்பளை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னாரே. உடம்பு தாங்கத் தயாராகத்தான் இருந்தது. சீட்டைச் செய்தவர்களுக்கு இப்படி ஒரு உடம்பு வந்து உட்காரும் என்ற நினைப்பே இல்லை.

மறுநாள் விருதுநகருக்குப் போனேன். அங்கே ஒரு பாய் இருக்கிறார், பஸ், லாரி, பைக் எல்லாவற்றுக்கும் சீட் தைக்கிறவர். முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தையல் மெஷின் போட்டு அவர் மனைவி தைப்பார்.

"சீட்ட அகலமாக்கணும் பாய்."

"பின்னால பிள்ளைகள உக்கார வைக்கவா?"

"இல்ல, முன்னால. நான் உக்கார." அட்டையை நீட்டினேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னதுங்க?"

"நான் உக்காந்த எடம்."

அவர் அட்டையைச் சட்டென்று மேஜையில் வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய ரெக்சின் சுருள்களைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளே மெஷின் சத்தம் நின்றது. அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு குழிக்கும் நடுவில் டேப்பை வைத்தார்.

"இத நான் பாக்குறேன்," என்றார் கணவரிடம். அவர் நிம்மதியாக ஒரு லாரி சீட்டைத் தேடிப் போனார்.

"எம்புட்டு நேரம் உக்காருவீக அக்கா?" அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

சொன்னேன். கேட்டுவிட்டு, சீட் உறையைப் பிரித்து உள்ளே இருந்த பஞ்சைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பஞ்சை ஒட்டி அகலமாக்கலாம், பின்பக்கம் ஒரு சின்ன மேடு வைக்கலாம், ஆனால் பஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வலியில் இருக்கிறவளுக்குக் கெட்டி என்ற வார்த்தையே ஆகாது.

"மெத்துமெத்துன்னு வைங்க. நான் பட்ட பாடு எனக்குத்தான தெரியும்."

"நீங்க சொல்றாப்புல வைக்கிறேன். ஆனா திரும்ப வருவீக."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மெத்தை மாதிரி ஒரு சீட்டில் ஏறி மதுரைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் சொர்க்கம். அதற்குப்பின் பஞ்சு அமுங்கி, எலும்பு அடித்தகட்டில் போய் இடித்தது. திரும்பி வரும்போது கள்ளிக்குடி பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரத்தில் நின்று அழுதேன். வலி ஒரு பக்கம். சொன்னதைக் கேட்காமல் போனோமே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். நேராக விருதுநகருக்கு வந்து அந்தக் கடை வாசலில் இறங்கினேன்.

அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய்த் தன் மெஷின் ஸ்டூலைக் காட்டினார். பலகை. அதன்மேல் மடித்துத் தைத்த சாக்கு. அவ்வளவுதான்.

"பதினாலு வருசமா இதுலதான் உக்காருறேன் அக்கா. மொத நாலு வருசம் தலகாணி வச்சிருந்தேன், இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. அப்புறம் ஒருநா கோவத்துல தலகாணியத் தூக்கி வீசிட்டுப் பலகையில உக்காந்தேன். அன்னைக்கு வலி கொறைஞ்சது."

"இத யாரும் சொல்லித் தரலையே."

"உக்காந்து வேல பாக்குறவள யாரு கேக்கா? ஒக்காந்துதான இருக்கா, அவளுக்கு என்னம்பாக."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் அடுப்பில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதை உட்கார்ந்தே குடித்தேன்.

இந்த முறை அவர் விருப்பப்படியே விட்டேன். துண்டுப் பஞ்சுகளை அழுத்திச் செய்த கெட்டிப் பஞ்சு, மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் மெத்தென்ற பஞ்சு. அட்டையில் குழி விழுந்த இரண்டு இடத்துக்கும் கீழே அகலமான மேடை. உட்காரும் இடத்தில் தையலே வராதபடி உறையை வெட்டினார். வால் எலும்பு வருகிற இடத்தில் லேசாக ஒரு பள்ளம். ஹேண்டில்பாரை நான் தனியாக ஒரு மெக்கானிக்கிடம் போய் என் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். இப்போது முன்னால் நகராமலே கை எட்டியது. முழங்கையை மடக்க முடிந்தது.

துணியும் மாறியது. சுடிதார் சுருண்டு சுருண்டு கீழே மடிப்பாக நிற்கும், இரண்டு மணி நேரத்தில் அந்த மடிப்பே கத்தி. ஆண்கள் போடுகிற பருத்திப் பேண்ட் ஒன்றும் முழங்கால்வரை வருகிற சட்டையும் தைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய முதல் நாள், பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்ன, ஆம்பளையா மாறிட்டீகளா?"

"இல்ல, ஒக்கார்ற எடத்துல புண்ணு வராம இருக்கப் போட்டிருக்கேன். உங்களுக்கும் ஒன்னு தைக்கவா?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். யார் கேட்டாலும் எங்கே வலிக்கிறது என்று உள்ளபடி சொல்வது. கேட்டவர்கள்தான் கூச்சப்பட்டு ஓடினார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வேனை எடுத்தார், நான் பைக்கை எடுத்தேன். அவர் வடக்கே திரும்பும் முக்கில் ஹாரன் அடித்தார். அது வாழ்த்தா எச்சரிக்கையா தெரியவில்லை.

ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்குவது என்று கணக்கு வைத்திருந்தேன். வலி வந்தபிறகு இறங்கினால் பிரயோஜனம் இல்லை, இத்தனை வருஷமும் அதைத்தான் செய்திருந்தேன். கோவில்பட்டியில் இறங்கி இடுப்பை முன்னும் பின்னும் வளைத்தேன். கயத்தாறில் காற்றாலைகள் எல்லாம் மும்முரமாகச் சுற்றின. காற்று வலதுபக்கத்திலிருந்து தள்ளியது. முன்பெல்லாம் அந்த இடத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பேன். அந்த இறுக்கம் கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகுக்கும் போகும். இந்த முறை முழங்கால்களால் டேங்கைப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினேன். வண்டி கொஞ்சம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். பிறகு அதுவே நிமிர்ந்தது.

காவல்கிணறில் பாலத்துக்கு அடியில் ஐந்தாறு பைக்குகள் நின்றன. அங்கிருந்து ஆரல்வாய்மொழிக்குத் திரும்பினால் மலை இடுக்கு வழியாகக் காற்று நேர் எதிரே வரும். நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். நானும் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

"இப்பப் போகாதிய," என்றார் ஒருவர். "ஆம்பளையள் நாங்களே நிக்கோம்லா."

"உங்களுக்கு அவசரம் இல்ல போல. எனக்கு மூணு மணிக்கு ஒரு கடை இருக்கு," என்றேன்.

தைரியம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கடை இருந்தது. ஆனாலும் உடனே கிளம்பவில்லை. கால் மணி நேரம் நின்று, போகிற வண்டிகள் எப்படித் தள்ளாடுகின்றன என்று பார்த்தேன். பின்சீட்டில் நிமிர்த்திக் கட்டியிருந்த ஆல்பப் பையை அவிழ்த்துப் படுக்க வைத்துக் கட்டினேன். நிமிர்ந்து நின்றால் அது பாய்மரம். பிறகு கிளம்பினேன். மாட்டுவண்டி வேகம்தான். நெஞ்சைத் தாழ்த்திக் குனிந்தபோது காற்று என்னைச் சீட்டில் பின்னால் தள்ளியது. அந்தச் சின்ன மேடு இடுப்பைப் பிடித்து நிறுத்தியது. பின்னால் ஒரு கை தாங்கினாற்போல இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே சத்தமாகச் சிரித்தேன்.

நாகர்கோவிலில் அந்த ஜவுளிக்கடையில் போய் இறங்கினேன். இடது கால் என்னுடையதாகவே இருந்தது. ஸ்டூலை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். "உக்காருங்க, உக்காருங்க," என்றார், உட்கார்ந்த பிறகு. ஆல்பத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

எல்லாம் சுகமாகவே முடிந்தது என்று சொன்னால் பொய். இரண்டு நாள் கடைகள் முடிந்து திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஐம்பது நிமிஷக் கணக்கை விட்டுவிட்டேன். நாகர்கோவிலில் ஏறினவள் திருநெல்வேலி தாண்டும்வரை இறங்கவில்லை. பழைய இடத்தில் பழைய வலி, ஊசி மாதிரி, வந்துவிட்டது. ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தி, ஆல்பப் பையைத் தலைக்கு வைத்து மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு காலாக மடக்கி நெஞ்சோடு பிடித்தேன். பைக்கில் போன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

"என்னம்மா, ஆக்சிடெண்டா? ஆம்புலன்சுக்குச் சொல்லவா?"

"இல்ல. இடுப்ப நீட்டுறேன்."

"ரோட்டுலயா?"

"வலி ரோட்டுலதான வந்துச்சு. நீங்க போங்க."

அவர்கள் போன பிறகும் கால் மணி நேரம் படுத்திருந்தேன். நாலு வருஷமாக அந்த ரோட்டில் போய் வந்தும், அந்த மரத்தை அன்றுதான் பார்த்தேன். அதற்குப்பின் ஐம்பது நிமிஷக் கணக்கை மீறியதில்லை.

முதலாளி ஆர்டர் புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். புக் நிறைந்து, பின்னட்டையின் உள்பக்கத்திலும் இரண்டு கடை எழுதியிருந்தேன். அவர் பாராட்டவில்லை. "தங்கச்சி மகனத் தேனிப் பக்கம் பாக்கச் சொல்லிருதேன்," என்றார். சக்கர நாற்காலி வந்து இறங்கியிருந்தது. அதில் இப்போது கணக்கப்பிள்ளை உட்காருகிறார். அவருக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பழைய டாக்டரிடம் நான் மறுபடி போகவில்லை. மதுரையில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம், இறங்கினால் குறைகிறதா என்று கேட்டார். தினமும் செய்ய இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வண்டியை விடச் சொல்லவில்லை. வலி முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த தரையில் உட்கார்ந்தால், மாதத்தில் சில நாட்களில், இன்னும் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். என் வேலையை முடிவு செய்கிற இடத்தில் அதற்கு இனி இடமில்லை.

விருதுநகர் கடையில் இப்போது பாயின் மனைவி பெண்களுக்கென்றே சீட் தைக்கிறார். ஊர் ஊராகப் போகிற ஒரு நர்ஸ் வந்தார். ஸ்கூட்டரில் தினமும் தூரம் போகிற ஒரு டீச்சர் வந்தார். கடையின் ஒரு மூலையில் நெளி அட்டைகளை அடுக்கி வைத்து, மறைப்புக்கு ஒரு திரை போட்டிருக்கிறார். பாய் இன்னமும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இந்த வருஷம் முதலாளியிடம் ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கத்தையும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அன்று வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"பாம்பன் பாலத்துல காத்து எப்பிடி அடிக்கும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீகள்ல, அன்னைக்குப் போய் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கேட்டேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா வேண்டாம்னுருப்பீக."

"ஆமா," என்றார். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

ரசத்துக்குக் கையைக் குழித்து நீட்டினார். ஊற்றினேன். குடித்துவிட்டு, பாலத்தில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது என்று கேட்டார்.